உள்ளூர் விக்கெட்டா, வெளியூர் விக்கெட்டா: ஸ்பின்னரை எதை வைத்து எடைபோடுகிறீர்கள்?

திருவல்லிக்கேணியிலிருந்து

அஷ்வின் ஓய்வு அறிவித்த நாளிலிருந்து எங்கள் தெரு டீக்கடையில் ஒரே பஞ்சாயத்து. 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 24. இதில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. "மீதி நூத்தி அம்பத்தி நாலுதானே, உள்ளூர்ப் புலி" என்று ஒரு கோஷ்டி. "உள்ளூர்ல எல்லாரும்தான் போட்டாங்க, எல்லாரும் 383 எடுத்தாங்களா" என்று எதிர் கோஷ்டி. இரண்டு பேருமே நாட்டின் பெயரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அங்கேதான் தகராறு. இந்தியா என்பது ஒரே பிட்ச் கிடையாது. அவ்வளவு ஏன், சேப்பாக்கமே ஒரே பிட்ச் கிடையாது.

2016 டிசம்பர் 12 வர்தா புயல். 16ஆம் தேதி இங்கிலாந்து டெஸ்ட் தொடங்கியாக வேண்டும். தட்டுகளில் கரி நெருப்பை வைத்துப் பிட்சைக் காயவைத்த படங்கள் பேப்பரில் வந்தது நினைவிருக்கும். அப்படிக் காய்ந்த பிட்ச் பட்டா ரோடு மாதிரி ஆகிவிட்டது. இங்கிலாந்து 477, நாம் 759, கருண் நாயர் 303 நாட் அவுட். கடைசி நாள் நான் போனபோது பெல்ஸ் ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்து ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். உள்ளே இங்கிலாந்து ஓப்பனர்கள் குக்கும் ஜென்னிங்ஸும் அசைந்து கொடுக்கவில்லை, 103க்கு விக்கெட் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் டிரா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அப்புறம் நம் இன்னொரு ஸ்பின்னர் ஜடேஜா பிடித்துக்கொண்டார். 48 ரன்னுக்கு 7 விக்கெட். போதாததற்கு பேர்ஸ்டோ அடித்த பந்தை மிட்விக்கெட் பக்கம் பின்னால் ஓடிப் பிடித்ததும் அவர்தான். இங்கிலாந்து 207க்குக் காலி.

அதே இன்னிங்ஸில், தன் சொந்த ஊரில், அஷ்வினுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. அதே பிட்ச், அதே பந்து, பௌலர்களின் காலடி பட்டுச் சொரசொரப்பான அதே ரஃப். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? "இந்தியாவில்" என்ற கட்டத்தில் போட்டால் ஜடேஜா செய்ததும் தெரியாது, பிட்ச் எப்படி இருந்தது என்பதும் தெரியாது.

நீங்கள் நேரில் பார்த்தது, போட்டது, ஆடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். டிவியில் வரும் புள்ளிவிவரம் எல்லாருக்கும் தெரியும், அது வேண்டாம்.

வியாசர்பாடி, ஆஃப் ஸ்பின்

சார், நான் கீழ் டிவிஷனில் பல வருஷம் போட்டவன். நாங்கள் ஆட ஆரம்பித்தபோது பாதி கிரவுண்டில் மேட்தான். கயிற்று மேட்டை இழுத்து ஆணி அடித்துக் கட்டுவார்கள். அதில் ஆஃப் ஸ்பின்னர் ராஜா. விரலைக் கொஞ்சம் முறுக்கினாலே போதும், பந்து பிடித்துத் திரும்பி எழும்பும். பேட்ஸ்மேன் முன்னால் வந்து தடுத்தால் கிளவுஸில் பட்டு, பக்கத்திலேயே நிற்கும் ஷார்ட் லெக் ஃபீல்டர் கைக்குப் போகும். லெங்த் கொஞ்சம் குட்டையானாலும் பரவாயில்லை, பவுன்ஸே காப்பாற்றிவிடும்.

அதே பசங்களோடு டர்ஃப் (புல்தரை) விக்கெட்டுக்குப் போனால் நிலைமை வேறு. எங்கள் டீமில் மேட்டில் வாரம் தவறாமல் அஞ்சு விக்கெட் எடுக்கிற பையன் ஒருவன் இருந்தான். டர்ஃபில் அவன் பந்து நின்னு வரும். நின்னு வந்தால் பேட்ஸ்மேனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், பின்காலில் போய்ச் சாவகாசமாக வெட்டுவான். இன்னொருவன், மேட்டில் சுமார்தான். ஆனால் பந்தைக் கண் மட்டத்துக்கு மேலே ஏத்திப் போட்டுச் சட்டென்று விழ வைக்கத் தெரிந்தவன். டர்ஃபுக்கு வந்ததும் கேப்டன் அவனைத்தான் தேடுவார். மேட்டில் விக்கெட் எடுத்தது கயிறு. டர்ஃபில் எடுத்தது அவன் கை.

அதனால் ஒருவர் எத்தனை விக்கெட் என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, எப்படி அவுட் ஆனார்கள் என்பதுதான். ஸ்டம்பிங்கும் மிட் ஆஃப் கேட்சும் நிறைய இருந்தால் ஆளைக் காற்றிலேயே ஏமாற்றியிருக்கிறார். எல்லாமே ஷார்ட் லெக், எல்பிடபிள்யூ என்றால் பிட்ச் என்ன என்று விசாரிப்பேன். எல்லா நேரமும் சரியாக வராது, இருந்தாலும் ஒரு முதல் வடிகட்டல்.

மயிலாப்பூர், ரிட்டையர்டு

தம்பி சொல்வதைப் படித்ததும் நம் லெக் ஸ்பின்னர் ஹிர்வானி ஞாபகம் வந்தது. 1988 பொங்கல் சமயம், அவருடைய முதல் டெஸ்ட், சேப்பாக்கம். ரெண்டு இன்னிங்ஸிலும் எட்டெட்டு, மொத்தம் 136 ரன்னுக்கு 16. வெஸ்ட் இண்டீஸ் ஆட்கள் இறங்கி இறங்கி வந்து ஸ்டம்பிங் ஆனார்கள், வரிசையாக. தம்பியின் வடிகட்டியில் போட்டால் அசல் ஆள் என்றுதான் வரும். ஆனால் மொத்தம் 17 டெஸ்ட், 66 விக்கெட்டோடு முடிந்துவிட்டது. 1990இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் ஒரே முனையிலிருந்து 59 ஓவர் நிறுத்தாமல் போட்டார், கிடைத்தது ஒரே ஒரு விக்கெட். அந்த 59 ஓவரை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிர், ஆஸ்திரேலிய ஆஃப் ஸ்பின்னர் கிரெக் மேத்யூஸ். 1986இல் சேப்பாக்கத்தில் டை ஆன டெஸ்டில் அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார், பத்து விக்கெட் எடுத்தார். ஆயுசு முழுக்க எடுத்ததே 61, சராசரி 48. சேப்பாக்கம் சிலருக்கு வரம் கொடுத்துவிட்டு அதோடு கைவிட்டுவிடும்.

அடுத்து ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் வார்னே. 1998 மார்ச், நான் ஸ்டாண்டில் இருந்தேன். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் 4 ரன்னில் ஏறி அடிக்கப் போய் ஸ்லிப்பில் டெய்லரிடம் மாட்டினார். மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. ரெண்டாவது இன்னிங்ஸில் வார்னே ரவுண்ட் த விக்கெட் வந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே ரஃபில் குத்தினார். எந்த இங்கிலாந்து ஆளாக இருந்தாலும் காலை நீட்டிப் பேடில் வாங்கியிருப்பான். டெண்டுல்கர் ரஃபிலிருந்து திரும்பும் பந்தைத் திருப்பத்துக்கு எதிராகவே மிட்விக்கெட் பக்கம் தூக்கினார். 155 நாட் அவுட். வார்னேவுக்கு 122 ரன்னுக்கு ஒரு விக்கெட். நம் ஊர் சிவராமகிருஷ்ணனை வலையில் அதே ரஃபில் போடச் சொல்லிப் பழகியிருந்தார் என்பது பிற்பாடு எல்லாரும் எழுதியது.

பிட்ச் சுற்றியது. சுற்றவைப்பதில் வார்னேவை மிஞ்ச ஆள் கிடையாது. இருந்தும் இந்தியாவில் அவர் சராசரி 43. சுற்றுகிற பிட்ச் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். பேட்ஸ்மேன் யார் என்பதும் சூழ்நிலைதானே?

அடையாறு, கொஞ்ச காலம் லெஸ்டரில்

இங்கிலாந்தில் படிக்கப் போன இடத்தில் கிளப் கிரிக்கெட் ஆடினேன். லெஃப்ட் ஆர்ம் ஸ்பின். ஏப்ரல் மாதக் குளிரில் விரல் விறைத்துப் போய்ப் பந்து கையில் இருக்கிறதா என்றே தெரியாது. பாக்கெட்டில் கை சூடாக்கும் பொட்டலம் வைத்துக்கொண்டு ஃபீல்ட் செய்வோம். பிட்ச் ஈரம், பந்து வழுக்கிக்கொண்டு போகும். சென்னையில் நான் போட்ட வேகத்திலேயே அங்கே போட்டால் பேட்ஸ்மேன் டீ குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஆனால் அங்கே ஆடுகிற ட்யூக்ஸ் பந்தில் தையல் எடுப்பாக இருக்கும், காற்றும் குறுக்கே அடித்தால் பந்து காற்றிலேயே உள்ளே மிதந்து போகும். இங்கே மதியம் கடற்காற்று கிளம்பிய பிறகு கிடைக்கிற அந்த ட்ரிஃப்ட், அங்கே நாள் பூராவும் கிடைத்தது. ஆக, திருப்பம் இல்லை என்பதற்காக ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தில்தான் கஷ்டம், தையல் சீக்கிரம் அமுங்கிவிடும் என்று ஆஸ்திரேலியாவில் ஆடிய நண்பர்கள் சொல்வார்கள்.

இதனால்தான் 2018இல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் குக்கை அஷ்வின் ரெண்டு இன்னிங்ஸிலும் போல்டு செய்ததை என்னால் மறக்க முடியாது. இடது கை ஆட்டக்காரருக்கு மிடில் லைனில் மிதந்து வந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. சேப்பாக்கத்தில் எடுக்கிற விக்கெட் மாதிரியே இருக்காது.

அதே தொடரில் சவுத்தாம்ப்டன். இங்கிலாந்து ஆஃப் ஸ்பின்னர் மொயீன் அலி 9 விக்கெட், அஷ்வின் 3. ரஃப் ரெண்டு பேருக்கும் பொதுதான். அஷ்வின் முழு உடல் தகுதியோடு இல்லை என்று பேச்சு இருந்தது. இடுப்பைச் சுழற்ற முடியாத ஆஃப் ஸ்பின்னருக்கு எந்தப் பிட்சும் பிட்ச் இல்லை. ஸ்கோர்கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

கீழ்ப்பாக்கம், கீப்பர்

பௌலர்கள் எல்லாரும் பேசியாச்சு, கீப்பர் பக்கம் யாரும் திரும்பவில்லை. காலேஜ் டீமில் ஆரம்பித்து இப்போது ஆபீஸ் டோர்னமென்ட் வரை ஸ்டம்புக்குப் பின்னாலேயே குந்தியிருக்கிறேன். பந்து என் கிளவுஸில் எந்த உயரத்தில் விழுகிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவேன். நல்ல ஸ்பின்னரின் பந்து, பிட்ச் செத்திருந்தாலும், இடுப்புக்குப் பக்கத்தில் வந்து படார் என்று விழும். சுமாரான ஆளின் பந்து முழங்காலில் முடிந்துவிடும். திரும்புவதை வைத்து நான் யாரையும் மதிப்பதே இல்லை.

ராத்திரி மேட்சில் இன்னொரு கூத்து. பனி இறங்கியதும் ஸ்பின்னர்கள் ஒவ்வொரு பந்துக்கும் டவலைத் தேடுவார்கள்.  எங்கள் டீம் லெக் ஸ்பின்னர் அக்கா முதல் பாதியில் போட்டால் கில்லி, ரெண்டாம் பாதியில் புல்டாஸ் மழை. அதனால் அவரைக் குறை சொல்வதா? டாஸ் தோற்ற கேப்டனைத்தான் நாங்கள் திட்டுவோம்.

திருவல்லிக்கேணியிலிருந்து (மறுபடி)

எல்லாம் படித்தேன். மயிலாப்பூர் ஐயா, 1998இல் நான் டிரவுசர் போட்ட பையன், பொறாமையாக இருக்கிறது.

என் கணக்கு இதுதான். ஊரை விட்டுவிடுங்கள். அதே மேட்சில் எதிரணி ஸ்பின்னர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2013 பிப்ரவரி சேப்பாக்கத்தில் அஷ்வினுக்கு 12 விக்கெட். அதே பிட்சில் ஆஸ்திரேலிய ஆஃப் ஸ்பின்னர் லயன் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 215 ரன் கொடுத்தார். 2004இல் கும்ப்ளே 13 எடுத்த மேட்சில் வார்னேவும் முதல் இன்னிங்ஸில் 6 எடுத்தார், இலங்கையின் முரளி எடுத்திருந்த 532 விக்கெட்டை அவர் தாண்டியதும் அங்கேதான். இந்த ரெண்டு மேட்சையும் "சேப்பாக்கம், ஸ்பின்" என்று ஒரே பையில் போட முடியுமா? 2004இல் பிட்ச் ரெண்டு பேருக்கும் கொடுத்தது. 2013இல் ஒருவர் கேட்டு வாங்கினார்.

வெளியூரிலும் இதே கணக்குதான். 2013 டிசம்பர் ஜோகன்னஸ்பர்க்கில் அஷ்வின் ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 42 ஓவர் போட்டு ஒரு விக்கெட் இல்லை. அதற்கு இந்தக் கணக்கிலும் தப்ப வழி கிடையாது, ஐந்தாம் நாள், 458 துரத்துகிற அணி. அதை அவரிடமிருந்து கழித்தே ஆக வேண்டும். 2011-12இல் ஆஸ்திரேலியாவில் சராசரி 62, அங்கேயே 2020-21இல் 28. மனிதர் என்ன மாற்றினார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மயிலாப்பூர், ரிட்டையர்டு

2013இல் லயனுக்கு எதிரில் நின்றவர் தோனி, அடித்தது 224. அஷ்வினுக்கு எதிரில் தோனி இல்லையே தம்பி. எதிரணி ஸ்பின்னரோடு ஒப்பிட்டால் நம் பேட்ஸ்மேன்களின் புண்ணியமும் நம் ஸ்பின்னர் கணக்கில் ஏறிவிடும். அதைக் கழிக்க ஒரு வழி சொல்லு, டீக்கடைக்கு நானே வருகிறேன்.

வியாசர்பாடி, ஆஃப் ஸ்பின்

ஐயா, 1999இல் சேப்பாக்கத்தில் ஆடிய பாகிஸ்தான் ஆஃப் ஸ்பின்னர் சக்லைன் எந்தக் கட்டத்தில் வருவார்? நம் பேட்ஸ்மேன்கள், நம் பிட்ச், டெண்டுல்கர் 136. இருந்தும் பத்து விக்கெட் எடுத்து 12 ரன்னில் ஜெயித்துவிட்டுப் போனார்கள்.