தாம்பரம் பக்கம் தனி வீடு: வாடகை இவ்வளவு குறைவாக இருப்பது ஏன்?

மூன்றாம் மாடிக்காரன்:
குரோம்பேட்டையில் லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. முழங்கால் வலியால் இரண்டு மாதமாகக் கீழே இறங்கவே இல்லை. நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகன், கூடவே ஒரு நாட்டு நாய். எனக்குக் கிண்டியில் வேலை. அதனால் மின்சார ரயிலுக்கு எட்டுகிற தூரத்தில், படி ஏற வேண்டாத தனி வீடு தேடுகிறேன்.

ஏழு வீடுகள் பார்த்தாகிவிட்டது. புரோக்கர் 'தனி வீடு' என்று அழைத்துப் போன முதல் வீட்டில் உரிமையாளர் அம்மா மாடியில் வடாம் காய வைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று குடித்தனம். கடைசியாக முடிச்சூரில் ஒன்று நிஜமாகவே தனி. இரண்டு படுக்கையறை, கிணறு, இரண்டு தென்னை, புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். வாடகை 14,000. இதே அளவு வீட்டுக்குப் பக்கத்தில் 20,000 கேட்கிறார்கள். அட்வான்ஸ் பத்து மாதம். உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். ஆடி முடிந்தால் கை மாறிவிடும் என்று புரோக்கர் நெருக்குகிறார். மனைவி கிணற்றைப் பார்த்ததும் சம்மதித்துவிட்டாள். எனக்கு மட்டும் உறுத்துகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

சேலையூர் அக்கா:
தம்பி, புரோக்கர் அகராதியில் தனி வீடு என்றால் வாசற்கதவு தனி, அவ்வளவுதான். இனிமேல் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். மின் மீட்டர் எத்தனை? மோட்டார் ஸ்விட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது? மொட்டை மாடிச் சாவி யாரிடம்? மூன்றாவது கேள்விக்கு அவர் இழுத்துப் பேசினால் பெட்ரோல் மிச்சம்.

மீட்டர் விஷயத்தைச் சிறியதாக நினைக்காதீர்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். உள் மீட்டர் வைத்து உரிமையாளர் யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலித்தால் அந்த இலவசம் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது.

முடிச்சூர்வாசி:
சார், எங்கள் ஊரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தெருவுக்குத் தெரு வித்தியாசம் உண்டு. ஆனால் அடையாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் இங்கும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தண்ணீர். வெள்ளையடித்த சுவர் இதைச் சொல்லாது. வேறு சில சொல்லும்.

வாசலில் படி ஏறி உள்ளே போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன. பிளக் பாயின்ட் எந்த உயரத்தில் இருக்கிறது? பீரோவுக்குக் கீழே செங்கல் அடுக்கிய தடம் தரையில் இருக்கிறதா? குளியலறைக் கதவின் அடிப்பாகம் மட்டும் புதியதா?

எல்லாவற்றுக்கும் மேலே மின் கணக்கு அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிய அளவு அதில் இருக்கும். வருடா வருடம் மழைக் காலத்தை ஒட்டி யூனிட் சரிந்திருந்தால், குடியிருந்தவர்கள் ஐப்பசி பிறந்ததும் மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசுங்கள். யார் எப்போது காலி செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

வாடகைப் பத்திரம்:
அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த 'வேறு மாதிரி'யைப் பிடித்துக்கொண்டுதான் சென்னையில் பத்து மாதம் இன்னும் ஓடுகிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே இந்த மாதம் அவசரம் உரிமையாளருக்குத்தான். தயங்காமல் பேரம் பேசுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் மாடிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். வாசலில் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். போன முறை கிணற்றையே பார்த்ததில் இது கண்ணில் படவில்லை. பிளக் பாயின்ட் எல்லாம் என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க என்றார் புரோக்கர். அட்டை கேட்டதற்கு, உரிமையாளரிடம் இருக்கிறது என்றார்.

இஸ்திரிக்காரரிடம் போனேன். கேள்வியை முடிக்கும் முன்பே, "நாய் இருக்கிறதா சார்?" என்றார். இருக்கிறது என்றேன். "போன முறை இருந்தவர்கள் நாயை மொட்டை மாடியில் விட்டுவிட்டுப் படகில் ஏறினார்கள். மூன்று நாள் குரைத்தது" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை.

சேலையூர் அக்கா:
நல்லவேளை. எங்கள் பக்கம் வாருங்கள். இங்கும் ஏரியை ஒட்டிய தெருக்கள் உண்டு, அங்கெல்லாம் இதே சோதனைதான். ஓய்வு பெற்றவர்கள் கட்டிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் விளம்பரம் கொடுப்பதில்லை, யார் வருவார்களோ என்ற பயம். காலையில் பால் பூத்தில் நின்று விசாரியுங்கள். முடிந்தால் அப்பாவையும் ஆட்டோவில் அழைத்து வாருங்கள். பெரியவர் இருக்கும் குடும்பம் என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும்.

மூன்றாம் மாடிக்காரன்:
பால் பூத் அம்மா காட்டிய மூன்றாவது வீடு படிந்துவிட்டது. வாசலில் ஒரே படி, அதுவும் ஏறுகிற படி. மீட்டர் தனி, மொட்டை மாடிச் சாவி எங்களிடம். வாடகை 19,000. மூன்று மாத அட்வான்ஸுக்கு வீட்டுக்கார அம்மா சிரித்தார், ஐந்தில் நின்றது. நாயை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஒரே நிபந்தனை, பின்பக்க மாமரம் காய்த்தால் பாதி அவருக்கு. ஆவணியில் பால் காய்ச்சுகிறோம்.

முடிச்சூர்வாசி:
மாமரம் சம்பிற்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, எத்தனை அடி தள்ளி இருக்கிறது சார்? வேர் உள்ளே இறங்கியிருந்தால் சம்பில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசியும். பால் காய்ச்சுவதற்கு முன் ஒரு நாள் சம்பை நிரப்பி, மோட்டார் போடாமல் விட்டு, காலையில் அளந்து பாருங்கள்.