ஒரே ரைஃபிளில் நெடுந்தொலைவு இலக்கும் வேட்டையும்: .308, 6.5 கிரீட்மோர், .300 மேக்னம் மூன்றில் எது?

தொலைகுறி:
அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்று நான்கு ஆண்டுகளாக .223 ரெமிங்டனில் 300 மீட்டர் வரை காகித இலக்குகளைச் சுட்டுப் பழகி வருகிறேன். இப்போது 1000 கஜப் போட்டிகளில் கலந்துகொள்ளவும், அனுமதிக்கப்பட்ட பருவத்தில் மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடவும் ஒரே ரைஃபிளை வாங்க எண்ணியுள்ளேன். .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்று தோட்டா வகைகளும் என் பட்டியலில் இருக்கின்றன. குண்டு குழலை விட்டு வெளிவரும்போதுள்ள குழல்வாய் ஆற்றலை மட்டும் வைத்துப் பார்த்தால் மேக்னமே முதலிடத்திலும் கிரீட்மோர் கடைசியிலும் வருகின்றன. ஆனால் நெடுந்தொலைவு சுடுபவர்களில் பெரும்பாலோர் கிரீட்மோரைப் பரிந்துரைக்கிறார்கள். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன, இரண்டு பயன்பாட்டுக்கும் ஒரே தோட்டா உண்மையிலேயே போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காற்றுமானி:
குழல்வாயில் இருக்கும் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குண்டு இலக்கை அடையும் இடத்தில் என்ன மீதமிருக்கிறது என்று பாருங்கள். முரண்பாடு தானாகவே தீர்ந்துவிடும். .308-இல் 175 கிரெய்ன் (சுமார் 11.3 கிராம்) போட்டிக் குண்டு நொடிக்குச் சுமார் 790 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 3550 ஜூல். கிரீட்மோரின் 140 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 825 மீட்டரில் புறப்பட்டாலும் எடை குறைவு என்பதால் 3100 ஜூலைத் தொடுவதில்லை. ஆனால் மெலிந்து நீண்ட அந்தக் குண்டு காற்றின் தடையை நன்றாகச் சமாளிக்கிறது. காற்றுத் தடையைச் சமாளிக்கும் திறனைக் காட்டும் பி.சி. எனப்படும் எண்ணில் (பெரிதாக இருந்தால் நல்லது) சொன்னால், .308-இன் குண்டுக்கு 0.50-ஐ ஒட்டியும் கிரீட்மோரின் குண்டுக்கு 0.64-ஐ ஒட்டியும் வரும். இதன் விளைவாக 500 மீட்டரை எட்டும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆற்றலுடன், 1550 ஜூல் அளவில், நிற்கின்றன. அதற்கப்பால் கிரீட்மோர்தான் முன்னே செல்கிறது.

இலக்குச் சுடுதலில் ஆற்றலைவிடக் காற்றே முக்கியம். குண்டு எவ்வளவு தாழும் என்பதைத் தூரம் தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். அது நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. காற்றையோ ஒவ்வொரு முறையும் கொடியையும் கானலையும் பார்த்து மதிப்பிட்டாக வேண்டும். 1000 கஜத்தில் குறுக்குக் காற்றை மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தால் .308 சுமார் 25 செ.மீ. விலகும், கிரீட்மோர் சுமார் 17 செ.மீ. விலகும். எஃப்-கிளாஸ் எனும் நெடுந்தொலைவுப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதாவது மையத்திலிருந்து விளிம்புக்கு 12.7 செ.மீ. மட்டுமே. மணிக்கு அரை மைல் பிழை செய்தால் .308-இன் குண்டு விளிம்பை உரசும் இடத்தில் கிரீட்மோரின் குண்டு உள்ளே நன்றாக விழுகிறது. 2007-இல் அந்தத் தோட்டாவை வடிவமைத்தவர்கள் விரும்பியதும் இதைத்தான்: குட்டையான உறையில் நீண்ட குண்டைப் பொருத்தியும் தோட்டா சிறிய ரைஃபிளின் மேகசினுக்குள் அடங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, நெருங்கும்போது அதன் மீதான அழுத்தம் மாறி அது தள்ளாடத் தொடங்கலாம். முதலில் 300 மீட்டர் போட்டிக்காக உருவாக்கப்பட்ட 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு .308-இல் 1000 கஜத்தை எட்டுவதற்கு முன்பே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வது பலரும் கண்ட உண்மை. .308-ஐ வாங்கினால் 175 கிரெய்ன் அல்லது அதைவிடச் சிறந்த வடிவமுள்ள குண்டையே பயன்படுத்துங்கள்.

மலைத்தடம்:
காற்றுமானி சொன்ன கணக்கு இலக்குச் சுடுதலுக்கு முழுவதும் சரி. வேட்டை என்று வரும்போது கேள்வியே வேறாகிவிடுகிறது: குண்டு விலங்கைத் தொடும்போது விரிவதற்குப் போதிய வேகம் இருக்கிறதா? உள்ளே ஈயமும் வெளியே செம்பு உறையும் கொண்ட வேட்டைக் குண்டுகளில் பெரும்பாலானவை நம்பத்தக்க முறையில் விரிவதற்கு நொடிக்கு 500 முதல் 550 மீட்டர் வேகமாவது தேவை. முழுச் செம்பினாலான குண்டுகளுக்கு அதைவிடக் கூடுதல் வேகம் வேண்டும். விரியாத குண்டு ஊசிபோல் துளைத்துச் சென்றுவிடும். விலங்கு காயத்துடன் நெடுந்தொலைவு ஓடி எங்கோ கிடந்து வதைபடும். போட்டிக் குண்டை வேட்டைக்குக் கொண்டுசெல்லாதீர்கள் என்று நான் மிகவும் வற்புறுத்துவதும் இதனால்தான். அதன் முனையிலுள்ள துளை துல்லியமாக உருவாக்குவதற்காக அமைந்தது, விரிவதற்காக அன்று. சில நேரம் அது விரியாமலே போகும்; சில நேரம் எலும்பில் பட்டவுடன் சிதறிவிடும்.

ஆகவே ஒரே தோட்டா வகை போதும், ஆனால் அதில் பொருத்தும் குண்டு ஒன்றே போதாது என்பதே என் கருத்து. கிரீட்மோரில் இலக்குக்கு 140 கிரெய்ன் போட்டிக் குண்டும் வேட்டைக்கு 143 கிரெய்ன் வேட்டைக் குண்டும் கிடைக்கின்றன. மானுக்கு 300 மீட்டருக்குள் அதில் எந்தக் குறையும் இல்லை. 6.5 மி.மீ. குண்டின் தகுதியைச் சந்தேகிப்பவர்கள், ஸ்வீடனில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருவான 6.5×55 தோட்டாவால் தலைமுறை தலைமுறையாக எல்க் எனும் பெரிய மான் வேட்டையாடப்பட்டு வருவதை நினைவில் கொள்ளலாம். குறுகிய குறுக்களவுக்கு எடை மிகுந்த குண்டு ஆழமாக ஊடுருவும். அதுவே அதன் இரகசியம். காட்டுப்பன்றியை அடர்ந்த புதரில் 100 மீட்டருக்குள் சுடுவதே பெரும்பான்மை என்றால் .308-இன் கனமான, அகன்ற குண்டை நான் சற்று கூடுதலாக விரும்புவேன்.

சட்டத்தையும் முதலில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் ரோ எனும் சிறிய மானைவிடப் பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. குறுக்களவும் 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றலும் கட்டாயம். இத்தகைய விதி இடத்துக்கு இடம் மாறும்.

தொலைகுறி:
இருவருக்கும் மிக்க நன்றி. மேக்னத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? கிரீட்மோரின் குழல் விரைவில் தேய்ந்துவிடும் என்றும் படித்தேன், அது உண்மையா?

பழைய குழல்:
மேக்னத்தில் எட்டு ஆண்டுகள் சுட்டவன் என்பதால் பதில் சொல்கிறேன். 1963-இல் வந்த அந்தத் தோட்டா வலிமையானது, பெரிய விலங்குகளுக்குத் தொலைவிலும் பொருத்தமானது. ஆனால் அதன் பின்னுதைப்பு கிரீட்மோரினுடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே நாளில் அறுபது தோட்டாக்கள் சுட்டால் தோள் மட்டுமன்றி விசையிழுக்கும் விரலும் அஞ்சத் தொடங்கும். அந்த அச்சத்தில் கண்ணைச் சிமிட்டிச் சுடும் பழக்கம் எனக்கு வந்தது. அதை நீக்க ஓராண்டுக்கு மேல் சிறிய தோட்டாவில் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. .223-இலிருந்து நேராக மேக்னத்துக்குத் தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழல் தேய்வதற்குக் காரணம், எரியும் மருந்தின் வெப்பம் தோட்டா அறைக்கு முன்னுள்ள தொண்டைப் பகுதியை அரிப்பதுதான். எவ்வளவு மருந்து எவ்வளவு குறுகிய துளை வழியாகச் செல்கிறது என்பதே கணக்கு. .308-இல் துளை அகன்றது. ஐயாயிரம் தோட்டாக்கள் தாண்டியும் போட்டித் துல்லியம் நிற்கக்கூடும். கிரீட்மோரில் இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் வரை எதிர்பார்க்கலாம். மேக்னத்தில் மருந்து கிரீட்மோரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்; ஆகவே குழலின் ஆயுள் இன்னும் குறைவு. குழல் சூடேறிய நிலையில் இடைவிடாமல் சுட்டால் இந்த எண்கள் எல்லாமே சுருங்கும்.

காற்றுமானி:
விதியைப் பற்றி ஒரு சொல். எஃப்-கிளாஸின் எஃப்-டி.ஆர். பிரிவில் .223 ரெமிங்டனும் .308 வின்செஸ்டரும் மட்டுமே அனுமதி. கிரீட்மோருடன் போனால் எஃப்-ஓப்பன் பிரிவில், கனமான ரைஃபிள்களுக்கும் 7 மி.மீ. தோட்டாக்களுக்கும் எதிராகப் போட்டியிட நேரும். எந்தப் பிரிவில் நிற்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்த பிறகு குழலை வாங்குங்கள்.

தொலைகுறி:
எங்கள் சங்கத்தில் எஃப்-டி.ஆர். மட்டும் நடப்பதில்லை, எந்தத் தோட்டாவுக்கும் இடமளிக்கும் எஃகுத் தகட்டுப் போட்டிகளும் நடக்கின்றன. எனக்கு அவற்றில்தான் ஈடுபாடு அதிகம் என்பதால் கிரீட்மோரை எடுக்க எண்ணுகிறேன். 140-க்கும் 143-க்கும் ஒரே பூச்சிய அமைப்பு (குறிநோக்கியைக் குண்டு விழும் இடத்துடன் பொருத்துவது) போதுமா?

மலைத்தடம்:
போதும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். எடை நெருக்கமாக இருந்தாலும் இரண்டு குண்டுகளும் 100 மீட்டரிலேயே சில செ.மீ. விலகி விழக்கூடும். வேட்டைக்குச் செல்லும் முன்பு அதே பெட்டியிலிருந்து பத்துத் தோட்டாக்களைச் சுட்டு, 100, 200, 300 மீட்டர்களில் எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பை ரைஃபிளின் கட்டையிலேயே ஒட்டிவைத்துவிட்டுக் காட்டுக்குள் செல்லுங்கள்.