பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாமா?

எழுதாத பலகை:
மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஆறு. இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். போன வாரம் மதிய உணவு வேளையில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள், போயிருந்தேன். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடிக் கைகூப்பி ஜெபிக்கிற பையன், அங்கே டப்பாவைத் திறந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு ஷூ லேஸ் கட்டுகிறவன்போல மேஜைக்கு அடியில் குனிந்தான். உதடு அசைந்தது. நிமிர்ந்து சாப்பிட ஆரம்பித்தான். யாரும் கேலி செய்யவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அன்றிலிருந்து ஒரே யோசனை: இருவரையும் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தால் என்ன? கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். அந்த வார்த்தைக்கு வீட்டில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். சபையில் கேட்டால் ஆளுக்கொரு வசனம் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்மணி:
எடுத்துவிடுங்கள் சகோதரி. எட்டு வருடமாக மூன்று பிள்ளைகளுக்கு வீட்டில் நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். வேதத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம், தேவனுடைய வார்த்தையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் போதிக்கச் சொல்கிறது. காலையில் அனுப்பிவிட்டு மாலையில் களைத்துப்போன பிள்ளையைத் திரும்ப வாங்கினால், அந்த வழி எங்கே இருக்கிறது?

படிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிய வழி இருக்கிறது: சின்னச் சின்னப் பாடம், நல்ல புத்தகம், படித்து முடித்ததும் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். என் கடைக்குட்டி யோசேப்பின் கதையைத் திருப்பிச் சொன்னபோது, அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளிய இடத்தில் நிறுத்திவிட்டு, "குழிக்குள் இருட்டாக இருந்திருக்கும் அம்மா" என்றாள். எந்த வினாத்தாளும் அந்த வரியை அவளிடமிருந்து வாங்கியிருக்காது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
31 வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையையும் தவறவிட்டதில்லை. தாயே, நீங்கள் கண்ட காட்சியைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் அவன் செய்வது உங்கள் ஜெபம். நீங்கள் பார்க்கிறீர்கள், அவன் செய்கிறான். மேஜைக்கு அடியில் செய்தது அவனுடைய ஜெபம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னது யார்? இயேசுதானே? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அகப்பட்ட அறைவீடு அதுதான்.

அவனை எடுத்துவிட்டால் அந்த மேஜையில் ஜெபிக்க ஒருவரும் இல்லை. உப்பை டப்பாவிலேயே வைத்திருந்தால் எதற்கு உப்பு?

நெல்மணி:
வாத்தியார் ஐயா, "நீங்கள் பூமிக்கு உப்பு" என்று இயேசு சொன்னது வளர்ந்த சீஷர்களுக்கு. ஆறு வயதுக் குழந்தைக்கு இல்லை. சபை மிஷனரியை அனுப்பும்முன் வருடக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறது. பால்பல் விழாத பிள்ளையை மட்டும் ஏன் களத்துக்கு அனுப்ப வேண்டும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மிஷனரியாக அனுப்பச் சொல்லவில்லை அம்மா, மாணவனாக அனுப்பச் சொல்கிறேன். தானியேல் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களையும் கற்றான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இருவருக்கும் விசுவாசம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நெல்மணி:
தானியேலைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள் ஐயா. அவன் தாய் தலைவாரி, டப்பா கட்டிக்கொடுத்து அனுப்பவில்லை.

இரவு ஷிப்ட்:
தானியேல் விஷயத்தில் நெல்மணி அக்காவுக்கு ஒரு மதிப்பெண்.

ஆனால் ஒன்று. இந்த விவாதத்தை எங்கே நடத்தினாலும் "பெற்றோர் கற்றுக்கொடுக்கலாம்" என்று எழுதுகிறார்கள். பெற்றோர் என்றால் அம்மா என்று வாசிக்கவும். என் மனைவிக்கு வேலை இருக்கிறது, அதை விட்டால் வீட்டுக் கடன் தவணை நிற்கும். எனக்கு இரவு வேலை. பகலில் தூங்காவிட்டால் நான் நிற்கமாட்டேன். எங்களைப்போன்றவர்களிடம் உபாகமம் ஆறைக் காட்டினால் ஒரு குற்ற உணர்ச்சி மிஞ்சும், அவ்வளவுதான். உன் இஷ்டம் என்று சொன்ன கணவரிடம் கேளுங்கள் சகோதரி: கணக்குப் பாடம் யார் எடுப்பது? நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பள்ளி உண்டா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி சொன்னதை ஐந்நூறு வருடம் முன்பே சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் சொல்லிவிட்டார். 1524-இல் ஜெர்மானிய நகரசபைகளுக்கு அவர் எழுதிய கடிதத்தில், பள்ளிகளைத் திறந்து நடத்துவது உங்கள் கடமை என்று வற்புறுத்தினார். பெற்றோரிடம் விட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு மூன்று பதில் வைத்திருந்தார்: சிலருக்கு அக்கறை இல்லை, பெரும்பாலோருக்குத் திறமை இல்லை, இரண்டும் இருப்பவர்களுக்கு நேரம் இல்லை. பிறகு ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ஞாயிறு பள்ளி தொடங்கினார். ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கத்தான் அது தொடங்கியது. கிறிஸ்தவர்களின் கல்விப் பாரம்பரியம் கதவைத் திறந்த பாரம்பரியம்.

நெல்மணி:
அதே லூத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் வேதபாட நூலை எழுதினாரே! அதில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்றே போட்டார். லூத்தரைப் பாதியோடு நிறுத்தினால் எப்படி ஐயா? அவர் கேட்ட பள்ளி வேதத்தைக் கற்பிக்கும் பள்ளி. இன்றைய அரசுப் பள்ளியை அவர் பார்த்தால் இரண்டாவது கடிதம் எழுதியிருப்பார்.

சட்டம் படித்தவள்:
நடுவில் நுழைகிறேன். வசனத்துக்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். அதை எதிர்த்துக் கிறிஸ்தவப் பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2006-இலும் 2019-இலும் தோற்றார்கள். சுவீடனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அசாதாரணமான சூழ்நிலை இருந்தால் மட்டுமே வீட்டில் வைத்துப் படிக்கவைக்க அனுமதி. அமெரிக்காவில் நேர்மாறு, 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது.

"பள்ளியில் ஜெபத்தைத் தடை செய்துவிட்டார்கள்" என்று இந்த விவாதத்தில் யாராவது சொல்வார்கள், இன்னும் சொல்லாதது ஆச்சரியம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் தடுத்தது அரசே எழுதிக்கொடுத்துப் பள்ளி நடத்திய ஜெபத்தை. 1963-இல் தடுத்தது பள்ளியே நடத்திய வேத வாசிப்பை. ஒரு பிள்ளை தானாக, மேஜைக்கு மேலேயோ கீழேயோ ஜெபிப்பதை அந்தத் தீர்ப்புகள் தடுக்கவில்லை.

இன்னொன்று. ஹோம்ஸ்கூலிங், அதாவது வீட்டுக் கல்வி என்றாலே மதக் காரணம் என்று நினைக்கிறோம். அமெரிக்க அரசின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 17 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். முக்கியமான ஒரே காரணம் என்ன என்று கேட்டபோது பள்ளியின் சூழல் பற்றிய கவலை என்றவர்கள் 34 சதவீதம். மத போதனை என்றவர்கள் 16 சதவீதம்தான்.

வீட்டில் படித்தவன்:
எல்லோரும் பேசியாகிவிட்டது, வீட்டில் படித்த ஆளே பேசட்டும். பதினேழு வயது வரை நான் பள்ளி வாசலை மிதித்ததில்லை.

முதலில் நல்லது. தாத்தா கடைசி ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். என் வயதுப் பையன்கள் வகுப்பில் இருந்த நேரத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்தேன். ஒரு வரியைத் தப்பாக வாசித்தால் கண்ணைத் திறக்காமலே திருத்துவார். எந்தப் பள்ளிக்காகவும் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இனி மற்றது. அம்மாவுக்குக் கணக்கு என்றால் பயம். பாடப்புத்தகத்தோடு விடைப் புத்தகம் ஒன்று வரும். அதைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்திருந்தார்கள். அவர்கள் சமையலறைக்குப் போனதும் விடையைப் பார்த்து, நம்பும்படி ஒன்றிரண்டைத் தப்பாக எழுதி வைப்பேன். நான்கு வருடம் எனக்கு நல்ல மதிப்பெண். பதினாறு வயதில் இருபடிச் சமன்பாடு என்றால் என்னவென்று தெரியாது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், பயந்துகொண்டே அத்தனையும் திருத்திய அம்மாவுக்கு அது இன்றுவரை தெரியாது.

அறிவியல் புத்தகம் பூமிக்கு ஆறாயிரம் வயது என்றது. கல்லூரியில் முதல் பருவத்திலேயே நிலவியல் வகுப்பு. பாறையின் வயதைவிட என்னை உலுக்கியது வேறு: அந்த ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர். பூமி அதைவிட மிகப் பழையது என்று நம்புகிற கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. விசுவாசம் போகவில்லை. ஆனால் இரண்டு வருடம் வீட்டோடு சரியாகப் பேசவில்லை.

நெல்மணி:
தம்பி, அது உங்கள் வீட்டுக் கதை. எல்லா வீட்டிலும் போர்வைக்கு அடியில் புத்தகம் இல்லை. வீட்டில் படித்த பிள்ளைகள் பொதுத் தேர்வுகளில் சராசரிக்கு மேலே வாங்குகிறார்கள் என்று எத்தனையோ ஆய்வு இருக்கிறது.

வீட்டில் படித்தவன்:
அக்கா, அந்த ஆய்வுகளில் பலவற்றில் விருப்பப்பட்டு முன்வந்தவர்களின் மதிப்பெண்தான் இருக்கிறது. என் அம்மாவிடம் கேட்டிருந்தால் என்னைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள். அனுப்பாத பிள்ளை கணக்கில் வராது.

நெல்மணி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால், பெரியவனுக்குப் பின்னம் வந்த வருடம் நானும் தவித்தேன். ஒரு கேக்கை நான்கு விதமாக வெட்டியும் அவனுக்குப் புரியவில்லை, கேக் தீர்ந்ததுதான் மிச்சம். இப்போது எங்கள் குழுவில் கணிதம் படித்த ஒரு தகப்பனார் ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாரம் இருமுறை எடுக்கிறார். தனியாக இறங்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரவு ஷிப்ட்:
ஐந்து வீட்டுப் பிள்ளைகள், ஒரு கணக்கு வாத்தியார், வாரம் இருமுறை. இதற்கு எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் என்று பெயர்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சிரித்துவிட்டேன் தம்பி. ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு சிறுமி வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையோடு வருவாள். கையை உயர்த்தச் சொன்ன அன்று தழும்பைப் பார்த்தேன். தினமும் அவளைப் பார்க்கிற வெளி ஆள் நான் ஒருவன்தான். வீட்டிலேயே படித்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

நெல்மணி:
இதற்குத்தான் காத்திருந்தேன். பிள்ளையை வீட்டில் வைத்தால் உடனே சந்தேகம்! பள்ளியில் அடிபட்டு, மிரட்டப்பட்டு வருகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? எங்கள் பிள்ளைகளைச் சபை பார்க்கிறது, பாட்டி பார்க்கிறாள், மருத்துவர் பார்க்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
உங்கள் வீட்டைச் சொல்லவில்லை அம்மா. உங்களைப்போன்றவர்களுக்குக் கொடுக்கிற சுதந்திரம் அந்தத் தகப்பனுக்கும் கிடைக்கிறது, அதைத்தான் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை ஒரு அதிகாரி வந்து பிள்ளையை நேரில் பார்த்துப் பேசினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

நெல்மணி:
நேரில் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பாடத்திட்டத்தில் கைவைப்பதில்தான்.

நெறியாளர்:
இருவரும் ஒரு புள்ளிக்கு வந்திருக்கிறீர்கள், அது கலையும்முன் கேள்வி கேட்டவருக்கு வழிவிடுங்கள்.

சட்டம் படித்தவள்:
அவர் வரும்முன் ஒன்று. 1972-இல் அமிஷ் என்ற, பழைய எளிய வாழ்க்கைமுறையைப் பின்பற்றும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோர், எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்று வழக்காடி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். ஹோம்ஸ்கூலிங் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் வழக்கு. அதில் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு எழுதினார்: பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டோம், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டோமா? நாமும் இவ்வளவு நேரம் கேட்கவில்லை. அந்தப் பையன் என்ன சொல்கிறான்?

எழுதாத பலகை:
எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். கேள்வியைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது, நேற்று இரவே அவனிடம் கேட்டேன். ஏன் குனிந்து ஜெபிக்கிறாய், யாருக்காவது பயமா என்று.

"கண்ணை மூடினால் பக்கத்தில் இருக்கிறவன் என் பிஸ்கட்டை எடுத்துவிடுகிறான். அதனால் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே போய் ஜெபிக்கிறேன்" என்றான்.

வீட்டில் படிக்கிறாயா என்றேன். நெடுநேரம் யோசித்து, "தங்கச்சியும் என் வகுப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

அவன் விஷயத்தில் இப்போதைக்கு ஒன்றும் மாற்றப்போவதில்லை. இளையவளைப் பற்றித்தான் யோசனை ஓயவில்லை. அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரவில்லை, வகுப்பில் பின்வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதை நான் ஜெபம் பற்றிய கவலைக்குள் ஒளித்து வைத்திருந்தேன் என்று இங்கே எழுதும்போதுதான் தெரிகிறது. நெல்மணி சகோதரி, அந்தத் திருப்பிச் சொல்லும் முறையை மாலையில் அரைமணி நேரம் அவளோடு செய்து பார்க்கலாமா? கணவரும் ஒரு நாள் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எந்த நாள் என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

நெல்மணி:
தாராளமாக. முதல் வாரம் கதை மட்டும். எழுத்தைத் தொடாதீர்கள், திருத்தாதீர்கள். தனிச்செய்தி அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அப்படியானால் அந்த ஷூ லேஸ்?

எழுதாத பலகை:
அது எப்போதும் அவிழ்ந்துதான் கிடக்கும் ஐயா.