அஞ்சல்தலையா, அஞ்சற்றலையா, தபால் தலையா?

மதுரையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் ஸ்டாம்ப் சேகரிக்கும் மாணவர்களுக்காக நான் தயாரித்த 16 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அட்டையில் ‘அஞ்சல்தலை’, உள்ளே ‘அஞ்சல் தலை’, படக்குறிப்புகளில் ‘தபால் தலை’, தமிழாசிரியர் எழுதித் தந்த முன்னுரையில் ‘அஞ்சற்றலை’ என்று ஒரே பொருள் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று வியாழக்கிழமைக்குள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, இதில் ஐயத்துக்கே இடமில்லை. வேற்றுமைப் புணர்ச்சியில் லகர ஈற்றின் முன் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். வருவது தகரமானால் அதுவும் றகரமாகும். அஞ்சலுக்குரிய தலை அஞ்சற்றலை. உங்கள் ஊர்க் குழந்தைகள் பொற்றாமரைக் குளம் என்று நாக்குத் தடுமாறாமல் சொல்கிறார்களே, அங்கே னகரம், இங்கே லகரம் என்பதைத் தவிர வேறு என்ன வேறுபாடு? தபால் மராத்தி வழியாக வந்த சொல்லாகையால் அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

தபால் அயற்சொல் என்று தள்ளும் ஐயா, அஞ்சலின் பிறப்பையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துச் சொல். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது; அந்தச் சமஸ்தானத்தின் தபால் ஏற்பாட்டுக்கே அஞ்சல் என்றுதான் பெயர். மணி கட்டிய கோலுடன் அஞ்சலோட்டக்காரர் ஓடி வந்தால் வழியில் போவோர் ஒதுங்கி நின்றார்களாம். தூதுவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘ஆங்கெலோஸ்’ என்பதைத்தான் இங்கே பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் அஞ்சல் ஆக்கினார்கள் என்று ஒரு கதையும் இங்கே உண்டு. அது மெய்யானால் ‘ஏஞ்சல்’ என்னும் தேவதூதரைத் தூய தமிழ் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. ‘தலை’ என்று நாம் சொல்வது, 1840இல் வெளிவந்த முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக்கிலும் அதன் பின்வந்தவற்றிலும் விக்டோரியா மகாராணியின் தலை இருந்ததால்தான் என்று எண்ணுகிறேன். ஆனால் 1888இல் திருவிதாங்கூர் அஞ்சல் முதன்முதலாக வெளியிட்டதில் தலையே கிடையாது, சங்குதான் இருந்தது. அஞ்சல் என்ற சொல்லைத் தந்த ஊரின் ஸ்டாம்புக்கே அஞ்சல்தலை என்ற பெயர் பொருந்தவில்லை. சக்கரம் என்பது திருவிதாங்கூர்க் காசு; என்னிடம் உள்ள 2 சக்கர ஸ்டாம்ப் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் எத்தனை முறை பார்த்தாலும் சங்கின் வளைவுதான் தெரிகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு ஆகிவிடாது. ‘அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்’ என்ற குறளில் அஞ்சல் அச்சப்படுதலைக் குறிக்கிறது என்பதற்காக, 1960இல் வெளிவந்த வள்ளுவர் ஸ்டாம்பை அச்சத்தலை என்று யாரும் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் சிறுவயது முதலே அதை முத்திரை என்றுதான் சொல்லி வருகிறோம். தபாற்கந்தோர் (தபால் நிலையம்), தபாற்பெட்டி என்று றகரம் இட்டு எழுதிப் பழகிய எங்களுக்கு ஐயா சொல்லும் புணர்ச்சி அந்நியமன்று. ஆனால் ‘முத்திரை சேகரிப்பு’ என்றால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லையே.

மதுரையிலிருந்து:

ஐயா, முத்திரை அழகான சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது தபால் நிலையத்தில் கறுப்பு மையில் குத்தும் அடையாளத்தைக் குறிக்கும். கையேட்டின் 9ஆம் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதே. அங்கே ‘முத்திரை குத்திய முத்திரை’ என்று எழுத நேரும்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். உறைத் துண்டுகளைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறவைத்து ஸ்டாம்பைப் பிரித்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் முன்னுரையை வாசிக்கச் சொன்னேன். ஈர விரலை வரியின் மேல் வைத்து, ‘அஞ்சு, அற்ற, அலை’ என்று பிரித்தவள், “கடலைப் பத்தியா டீச்சர்?” என்றாள். பொற்றாமரையைக் குழந்தைகள் பிறந்தது முதல் காதால் கேட்கிறார்கள், அஞ்சற்றலையை யார் வாயிலிருந்து கேட்பார்கள்? இடம் விட்டு எழுதுவதிலும் ஒரு விபத்து உண்டு. மெய்ப்பில் ஒரு வரி ‘அஞ்சல்’ என்று முடிந்து, அடுத்த வரி ‘தலை சேகரிப்பு’ என்று தொடங்கி, போர்க்களத்துச் செய்தி போல நிற்கிறது.

ஆகவே ‘அஞ்சல்தலை’ என்று சேர்த்து, றகரமாகத் திரிக்காமல் எழுதப் போகிறேன். வீட்டில் பெற்றோருக்குப் புரியும்படி முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘தபால் தலை என்று வழங்கும்’ என ஒரு தொடர் சேர்ப்பேன். முத்திரையும் சொல்லடைவில் இடம்பெறும். ‘அஞ்சல்தலைச் சேகரிப்பு’ என்று ஒற்றிடுவதா என்ற கேள்வியை, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது என்ற துணிவில் ஒற்றில்லாமலே விட்டுவிட்டேன். நாகர்கோவில் ஐயாவும் யாழ்ப்பாணத்து ஐயாவும் இதற்கு இசைந்திருக்கிறார்கள். மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அச்சிடுங்கள் அம்மா, தடுக்க மாட்டேன். எனக்கு வரும் படியில் மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் 11ஆம் பக்கத்தில் ‘முதல் நாள் உறை’ (ஸ்டாம்ப் வெளியாகும் நாளன்றே முத்திரை குத்திய உறை) என்று இருக்கிறதே, முதல் நூலை முதனூல் என்று எழுதும் நாம் முதனாளுறை என்று எழுத ஏன் கூசுகிறோம்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.