கிரீம் எக்: முதல் கடி அனுபவம் சொல்லுங்க

பர்மிங்காம்வாசி:
படிக்க வந்த முதல் ஜனவரி. கிறிஸ்துமஸ் தோரணத்தையே இன்னும் கழற்றவில்லை, அதற்குள் கடைக் கல்லா ஓரமாக ஜிகினாத் தாள் சுற்றிய முட்டைகள் குவிந்துவிட்டன. கேட்பரி கிரீம் எக். "ஈஸ்டர் வரைக்கும்தான் கிடைக்கும்டா" என்று அறைத்தோழன் ஒன்றைக் கையில் திணித்தான். நான் முட்டைகூடத் தொடாத சைவம். சாக்லேட்தானே என்று கடித்தால் உள்ளே வெள்ளைக்கரு வழிகிறது, நடுவில் மஞ்சள்கரு! துப்பப் போனேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வெறும் சர்க்கரைக் குழைவாம், மஞ்சளுக்குச் சாயமாம்.

நம்பி மூன்று வருஷம் தின்றேன். (வீட்டுக்காரத் தாத்தா இன்னமும் 'ஃப்ரைஸ்' முட்டை என்றுதான் சொல்வார். 1963இல் அந்தப் பெயரில்தான் வந்தது. 1971இல்தான் கேட்பரி ஆனது.) ஒருநாள் பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். மஞ்சள் நிறம் பாப்ரிகா மிளகாயிலிருந்து எடுத்தது. ஆனால் பட்டியலில் 'உலர்த்திய முட்டை வெள்ளைக்கரு' என்றும் இருந்தது. மஞ்சள்கரு பொய், வெள்ளைக்கரு நிஜம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

லண்டன் அக்கா:
அம்மாட்டச் சொல்லாதையும் தம்பி! நாங்கள் வேதக்காரர். விபூதிப் புதன் தொடங்கினால் வீட்டில இனிப்புக்குத் தடை. முட்டை விக்கிற காலத்தில பாதி தவக்காலத்தில போயிடும். ஒருமுறை என்ர சின்னவன் ஒவ்வொரு கிழமையும் ஒண்டு வாங்கித் தலையணை உறைக்குள்ள சேர்த்து வச்சிருக்கிறான். சனி இரவுப் பூசை முடிஞ்சு கார்ல ஏறினதும் அஞ்சையும் ஒரே மூச்சில முடிச்சான். மிச்சத்தைக் கார்ச் சீட்டிட்டைத்தான் கேக்கவேணும். 2015இல பெட்டிக்கு ஆறை அஞ்சாக் குறைச்சினம் எண்டு சனம் கத்தினது. எனக்கு அது நல்லதாப் போச்சு.

நியூஜெர்சி ரவா:
இங்கே அதே பெயரில் ஹெர்ஷி செய்கிறது. 34 கிராம், உங்களுடையது 40. அத்தை லண்டனிலிருந்து கொண்டுவந்ததையும் இங்கத்ததையும் பக்கத்தில் வைத்துத் தின்று பார்த்தோம். உள்ளே இருப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டில்தான் விஷயம். உங்களுடையதில் பால் வாசம் தூக்கல்.

பர்மிங்காம்வாசி:
ரவா, 2015இல் இங்கேயும் ஓட்டை மாற்றிவிட்டார்கள். டெய்ரி மில்க் இல்லை, வேறு சாக்லேட். தாத்தாவிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுத்துவிடாதீர்கள், அரைமணி நேரம் போய்விடும்.