கலைச்சொல்: அரசு கட்டும் வட்டி கடைசியில் போய்ச் சேருமிடத்துக்கு என்ன பெயர்?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கையின் ஹட்டனில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, உயர்தரப் பொருளியல் மாணவர்களுக்காக அரச வரவுசெலவு பற்றி ஒரு கையேடு எழுதி வருகிறோம். அதில் ஓர் அட்டவணை வருகிறது. முதல் நிரலில் அரசு கட்டும் வட்டி. அடுத்த நிரலில் அந்த வட்டி கடைசியில் யாரிடம் போகிறது என்ற விபரம். இந்த இரண்டாவது நிரலுக்குத் தலைப்பு வேண்டும்.

புழக்கத்தில் உள்ள சொற்கள் பெரும்பாலும் கொடுக்கிற பக்கத்திலிருந்தே பிறந்தவை: படுகடன் (அரசு பட்ட கடன்), வட்டிக் கொடுப்பனவு, படுகடன் பணிக்கொடுப்பனவு (முதலும் வட்டியுமாகக் கட்டுவது). வாங்குகிற பக்கத்துக்குக் 'கடன்கொடுநர்' ஒன்றுதான் கைவசம் இருக்கிறது. வகுப்பில் அதைச் சொன்னவுடன் சீனா, இந்தியா, பன்னாட்டு நாணய நிதியம் என்று பிள்ளைகள் அடுக்குகிறார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்ததிலிருந்து, வட்டி என்றாலே வெளிநாட்டுக்காரருக்குப் போவது என்ற எண்ணம் இறுகிவிட்டது. ஆனால் 2023-இல் அரச வருவாயில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. அதில் மிகப் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே கொடுக்கப்பட்டது. அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியலும் (குறுங்காலத்துக்கு) திறைசேரி முறியும் (நீண்டகாலத்துக்கு) வைத்திருந்த வங்கிகளும், காப்புறுதிக் கம்பனிகளும், தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியமும்தான் அதைப் பெற்றன.

இந்த நிதியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாணவர்களில் பாதிப் பேரின் வீட்டுக் கதை அது. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் 8 சதவீதம், அதாவது 108 ரூபா, சேமலாப நிதிக்குப் பிடிக்கப்படும். தோட்டம் தன் பங்காக 12 சதவீதம், 162 ரூபா போட வேண்டும். ஆக ஒரு நாள் வேலைக்கு 270 ரூபா. நிதியத்தின் பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரச பிணையங்களில்தான், அதாவது அந்த உண்டியல்களிலும் முறிகளிலும்தான், இருக்கிறது. அப்படியானால் கொழுந்து பறிக்கிற அம்மாவும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்தான். அவர் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி கட்டுகிறார். வட்டி கட்டும் காசில் அதுவும் இருக்கிறது. வரியாகக் கொடுத்ததில் எவ்வளவு அவருக்கே திரும்பி வருகிறது, எவ்வளவு கோடிக்கணக்கில் முறி வைத்திருப்பவர்களிடம் போகிறது என்று மாணவர் கேட்க வேண்டும். அதைக் கேட்க ஒரு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு இரண்டு. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு 'வட்டி பெறுநர்'. அந்தப் பணம் கடைசியாகத் தங்கும் இடத்துக்கு 'வட்டிச் சேர்விடம்'.

– ஹட்டன், ஆசிரியை


டீச்சர், வணக்கம்.

நான் வங்கியில் வேலை செய்பவன். 'சேர்விடம்' என்றால் பயணத்துக்கு உரிய சொல்லாகப் படுகிறது. எங்கள் படிவங்களில் 'நலன்பெறுநர்' என்று ஏற்கெனவே இருக்கிறது. 'வட்டி நலன்பெறுநர்' என்றே போட்டால் என்ன?

வங்கிகளையும் கையேட்டில் சும்மா ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். 2022 கடைசியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு ஏலத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. சாதாரணச் சேமிப்புப் புத்தகத்தில் காசு போட்டிருந்தவருக்கு அதில் சிறு பங்குதான் போனது. நடுவில் வங்கியிலேயே நின்ற பணத்தின் கணக்கையும் காட்ட வேண்டும்.

– பண்டாரவளை


டீச்சருக்கும் பண்டாரவளை அண்ணனுக்கும்,

'நலன்பெறுநர்' வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் அதைக் கேட்டால் அஸ்வெசும போன்ற நலன்புரிக் கொடுப்பனவுதான் நினைவுக்கு வரும். சேமலாப நிதி யாரும் இரங்கிக் கொடுப்பது இல்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுப்பது அவர்களுடைய சொந்த உழைப்பு. அதனால் 'வட்டி உரித்தாளர்' என்று சொல்லலாம். உரித்து என்பது காணிப் பேச்சில் எங்கள் ஆட்கள் தினம் புழங்குகிற சொல்.

இன்னொன்று. சம்பளத் துண்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டு, நிதியத்துக்குக் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்த தோட்டங்கள் உண்டு. அந்தத் தொழிலாளிக்கு வட்டி எங்கே சேர்ந்தது? இதற்கும் உங்கள் அட்டவணையில் இடம் வேண்டும்.

– மஸ்கெலியா


மஸ்கெலியாத் தம்பி சொன்னது மிகச் சரி. 'நலன்பெறுநர்' வேண்டாம் என்பதில் நானும் உறுதி. 'உரித்தாளர்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அது நிரலின் தலைப்பாகாது. எல்லாச் சேர்விடமும் ஆள் அல்லவே. மத்திய வங்கி கையில் இருக்கும் முறிக்கு அரசு வட்டி கட்டுகிறது. வங்கிக்கு விநியோகிக்கத் தக்க இலாபம் வந்தால் அது திறைசேரிக்கே திரும்புகிறது. அந்த வட்டியின் சேர்விடம் அரசுதான், அங்கே உரித்தாளர் என்று யாரைச் சொல்வது? அதுபோல, 2007 முதல் அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் விற்ற 'நாட்டுக்கான முறிகள்' வெளிநாட்டுக் கடன் என்றுதான் கணக்கில் வரும். அவற்றிலும் ஒரு பகுதியை உள்ளூர் வங்கிகள் வாங்கி வைத்திருந்தன. கடனின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் போகும் திசையைச் சொல்ல முடியாது. பயணச் சொல் என்று அண்ணன் சொன்ன குறையையே நான் நிறையாகப் பார்க்கிறேன். பணம் கை மாறிக் கை மாறிப் போவதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.

உரித்தாளரை விடவும் மாட்டேன். 2023-இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அந்தச் சொல் இல்லாமல் விளக்க முடியாது. அந்த ஜூலை முதலாம் திகதி நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் தரும் புதிய முறிகளை எடுக்கும்படி ஓய்வுகால நிதியங்களிடம் சொன்னார்கள். மறுத்தால் நிதியத்தின் 14 சதவீத வருமான வரி 30 ஆகும் என்றார்கள். வங்கிகளின் ரூபா முறிகளைத் தொடவில்லை. முடிவை எடுத்தது வட்டி பெறுநரான நிதியம். இழந்தது உரித்தாளரான தொழிலாளி. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை. பெறுநர் வேறு, உரித்தாளர் வேறு என்று பிள்ளைகள் பிரித்துப் பார்க்கப் பழகினால்தான், இது யாருடைய பணம் என்ற கேள்வி வகுப்பில் எழும்.

நிலுவைக்கு விடை இப்படி வைக்கிறேன்: தோட்டம் கட்டாமல் வைத்திருந்த காசு நிதியத்துக்கு வரவே இல்லை, அதனால் அது முறியாகவும் மாறவில்லை. உரித்தாளர் இருக்கிறார், சேர்விடம் இல்லை. அட்டவணையில் அவருக்கு ஒரு வரிசை போட்டு, சேர்விடத்தை வெறுமையாக விட்டு, கீழே ஏன் என்று இரண்டு வரி எழுதுவோம்.

ஆகவே தலைப்பு 'வட்டிச் சேர்விடம்'. உள்ளே பெறுநர், உரித்தாளர் என்று இரண்டு உட்பிரிவு. மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். அண்ணன், வைப்பாளருக்குப் போனது எவ்வளவு, வங்கியில் நின்றது எவ்வளவு என்று காட்டும் அந்த வரிசையை நீங்களே எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்.

– ஹட்டன், ஆசிரியை