கலைச்சொல் தேவை: மலக்குடல் புற்றுநோயில் ‘வாட்ச் அண்டு வெயிட்’

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:
குழுவினருக்கு வணக்கம். இங்குள்ள மருத்துவமனை ஒன்றுக்காக, மிகத் தொடக்கநிலை மலக்குடல் புற்றுநோய்க்கான சிகிச்சை வழிகளை விளக்கும் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மலக்குடலை, அதைச் சுற்றியுள்ள கொழுப்போடும் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து எடுப்பதற்கு ‘மலக்குடல் நீக்க அறுவை’ என்றும், ஆசனவாய் வழியாகக் கட்டியை வெட்டியெடுப்பதற்கு ‘கட்டி மட்டும் நீக்கல்’ என்றும் எழுதியிருக்கிறேன். கதிர்வீச்சும் வேண்டுமாயின் வேதிமருந்தும் கொடுத்தபின் கட்டி முற்றிலும் மறைந்துவிட்டால், அறுவை செய்யாமல் தொடர்ந்து பார்த்துவரும் முறைக்குக் ‘கண்டு காத்திருத்தல்’ பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்:
இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை காத்திருத்தல், முல்லைத்திணையின் உரிப்பொருள். அதை இரவல் கேட்பானேன்? எனினும் ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து’ என்று தொடங்கி, காத்திருப்பதையும் காலம் வாய்த்ததும் குத்துவதையும் வள்ளுவர் ஒரே குறளில் அடக்கிவிட்டதால், ‘கூம்புகை’ என்பதை முன்மொழிகிறேன். மலர் குவிவதும் கூம்புதலே. கலத்தின் பாய்மரமும் கூம்பே. பாய் சுருட்டிக் காற்றுக்கு நிற்கும் கலத்தைத் துறைமுகத்துக்காரர்களாகிய எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அறுவை மருத்துவர், புதுச்சேரி:
ஐயா, என் நோயாளி பள்ளிக் கணக்குப் பாடத்துக் கூம்பைத்தான் நினைப்பார். ‘காத்திருத்தல்’ இன்னும் ஆபத்து. சீட்டு வாங்கிக்கொண்டு புறநோயாளர் பிரிவு பெஞ்சில் உட்கார்வதற்கு அதுதான் பெயர். பிரேசிலின் சாவோ பாவுலோவில் ஹப்ர்-காமா குழுவினர் 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பரவலாகப் பேசப்பட்ட இம்முறையில் சும்மா இருப்பது என்பதே கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் உள்நோக்கிப் பரிசோதனையும், இடையிடையே எம்.ஆர்.ஐ. படமும் உண்டு. கட்டி திரும்ப வளர்ந்தால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள் குடற்சுவரிலேயே வளரும். வராமல் விட்டவருக்கு அது காலங்கடந்துதான் தெரியவரும். ஆகவே ‘கண்காணிப்பு’ என்ற சொல் இருந்தே தீரவேண்டும்.

‘கட்டி மட்டும்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த முறையில் நிணநீர்க் கணுக்கள் உள்ளேயே இருக்கின்றன. வெட்டியெடுத்த திசுவை ஆய்வு செய்கையில், புற்று ஆழமாக இறங்கியதோ நாளங்களுக்குள் புகுந்ததோ தெரிந்தால் பெரிய அறுவையை மீண்டும் பேசவேண்டி வரும். ‘மட்டும்’ என்று படித்தவர் அன்றைக்கே முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

தமிழாசிரியர், கடலூர்:
‘கண்காணிப்பு’ வேண்டாம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆளெடுத்துப் போன கங்காணியின் பெயர் ‘கண்காணி’ என்பதிலிருந்து வந்ததே. நோயாளியைக் குற்றவாளிபோல் நிறுத்தும் சொல். ‘ஓம்பிப் பார்த்தல்’ எனலாமே.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:
மூவர் ‘அறுவையின்றித் தொடர் கண்காணிப்பு’ என்பதற்கு இசைந்துள்ளனர். மற்றவர்கள் பதில் எழுதவில்லை. மருத்துவர் சொன்னபடி ‘கட்டி மட்டும் நீக்கல்’ என்பதை ‘ஆசனவாய்வழிக் கட்டி நீக்கம்’ எனத் திருத்தி, இரண்டையும் அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், கடலூர்:
‘அறுவையின்றி’ என்பது இனி அறுவையே வராது என்று வாக்குக் கொடுப்பதாகும். எதிர்ப்பைப் பதிவுசெய்க.